மெதுநடைப் பட்டன்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புது நோட்டு. செட்டிங் எழுதி வைக்கத்தான் வாங்கினேன். போன மாதம் கேமிங் சென்டரில் என் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்கிறேன் பேர்வழி என்று, இரண்டு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த செட்டிங் முழுவதையும் துடைத்துவிட்டார்கள். இனி மெஷினை நம்புவதாக இல்லை.

முதலில் அடிப்படை. துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு பட்டனில் நடப்பார்கள். நான் ஒரு பட்டன் வலப்பக்கம் தள்ளி ஈ, எஸ், டி, எஃப். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். ஆட்காட்டி விரல் எஃப் மேல் இல்லாவிட்டால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். பகல் முழுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். காலையில் அதே விரல்களால் சுடுகிறேன்.

சுண்டுவிரல் ஏ மேல். அதுதான் மெதுநடை. அழுத்திப் பிடித்திருக்கும்வரை காலடிச் சத்தம் வராது. விட்டால் ஓட்டம், எதிரியின் ஹெட்போனில் கேட்டுவிடும். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில், குதிக்க. மவுஸின் பக்கவாட்டுப் பட்டன் குண்டு எறிய. மவுஸ் வேகம் எண்ணூறு. யார் என்ன சொன்னாலும் அதை மாற்ற மாட்டேன்.

டீம் பெயர் மஞ்சள் பட்டாளம். ஈரோட்டுக்காரர்கள் வேறென்ன பெயர் வைப்போம். கேப்டன் லோகண்ணன், விசைத்தறிகளுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். பூபதியும் ஹரிணியும் புருஷன் பெண்டாட்டி, பேக்கரி வைத்திருக்கிறார்கள். சிபி மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறான், இருபத்து நாலு வயது. அப்புறம் நான், தமயந்தி, இருபத்தொன்பது. எல்லோருக்கும் பிழைப்பு இருப்பதால் பயிற்சி காலை ஆறிலிருந்து எட்டு வரை, பெருந்துறை ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடியில்.

அக்டோபர் 20 கோயம்புத்தூரில் போட்டி. மேடை, பெரிய திரை, உட்கார்ந்து பார்க்க ஆட்கள். ஐந்து பெயரையும் செப்டம்பர் 28-க்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது. இந்த ஒரு மேடை ஏறிவிட்டால் எனக்குப் போதும். அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்பாடு பேராசைப்பட்டால் யாராவது காட்டட்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பூபதி நாலு முறை செத்தான். நாலு முறையும் மவுஸ் மேட் வழுக்குகிறது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் கீபோர்டில் ஏ பட்டன் சரியாக அமுங்குவதில்லை. தூசு இருக்கும். பிடுங்கி, பழைய பிரஷ்ஷால் துடைத்து மாட்டினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அலுவலகக் கீபோர்டிலும் ஏ சரியில்லை. சென்னைக்குப் போகும் ஓர் இங்கிலீஷ் கடிதத்தில் ஏழு இடத்தில் அந்த எழுத்து விட்டுப் போயிருப்பதாகக் கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு அனுப்பினார். அரசாங்கம் வாங்கிக் கொடுக்கிற கீபோர்டு வேறெப்படி இருக்கும்.

ஏசிக் காற்று நேராக இடது கை மேல் விழுகிறது. உட்காரும் இடத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சேலம் டீமோடு பயிற்சி ஆட்டம். தோற்றோம்.

எங்கள் திட்டம் எப்போதும் ஒன்றுதான். மற்ற மூவரும் முன்வாசலில் ஆர்ப்பாட்டம் செய்வார்கள். நானும் சிபியும் திரையில் வரும் குடோன் வழியாகச் சத்தமில்லாமல் பூனை மாதிரி போய்ப் பின்பக்கம் நுழைவோம். இன்று மூன்று முறை நுழைந்தோம், மூன்று முறையும் வாசலிலேயே துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடிந்ததும் சேலத்துக்காரன் ஒருவன் சாட்டில் எழுதியிருந்தான்: "குடோன்ல கல்யாண ஊர்வலம் மாதிரி வர்றீங்க, மேளம் ஒண்ணுதான் பாக்கி."

எனக்கும் ஹெட்போனில் கேட்டது. தொம் தொம் என்று நாலு அடி. "சிபி, சத்தம்" என்று மைக்கில் அப்போதே சொன்னேன்.

"நான் அழுத்திட்டுத்தானுங்க்கா இருக்கறேன்" என்றான்.

"அப்பறம் யாரு, நானா?"

லோகண்ணன்தான் சொன்னார்: "சிபி, பாத்து நட சாமி."

செப்டம்பர் 4, புதன்

சிபியின் கடைக்குப் போனேன். நரம்புக்கு வைட்டமின் மாத்திரை ஓர் அட்டை. யாருக்குங்க்கா என்றான். அம்மாவுக்கு என்றேன்.

கொத்தமல்லி, தேங்காய், துணி சோப்பு வாங்கினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி, ஒரு நாள் லீவு விட்டோம். இன்று கரூர் டீமோடு ஆட்டம். மறுபடியும் குடோன், மறுபடியும் சத்தம். லோகண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"அம்மிணி, நீ ரெக்கார்டப் போட்டுப் பாரு. யாருன்னு தெரிஞ்சா போதும்" என்றார். ஆட்டத்தின் பதிவில் யார் கண்ணால் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் காதால் வேண்டுமானாலும் கேட்கலாம். அவருக்குத் தறி வேலை இருந்தது. கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து பார்த்தேன். தெளிவாக இல்லை.

லோகண்ணனுக்கு ஃபோன் செய்து அப்படியே சொன்னேன். "நீயாச் சொல்ல மாட்டீன்னு தெரியும், கூட ஆடற பையன்ல" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன். மதியம் தக்காளி சாதம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சிபியைக் கொஞ்ச நாள் ஆடாமல் உட்காரச் சொல்லியிருக்கிறார் லோகண்ணன். அவன் இடத்துக்கு அவருடைய மச்சான் பிரகதீஷ் வருகிறான்.

சிபி தன் மவுஸின் ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, பைக்குள் வைத்தான். "வர்றனுங்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 14, சனி

செட்டிங்கில் ஒரு சின்ன மாற்றம். மெதுநடையை ஏ-யிலிருந்து எடுத்து ஸ்பேஸ் பாருக்கு. குதிப்பது மவுஸ் சக்கரத்துக்கு. சும்மா ஒரு சௌகரியத்துக்காக. கட்டைவிரலுக்குப் பலம் அதிகம், நீளமான பட்டன், தேட வேண்டியதில்லை. குதிக்க நினைத்து நாலு முறை மெதுவாக நடந்தேன். பழகிவிடும்.

சுண்டுவிரலுக்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை. மேசை மேல் சும்மா கிடக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஜெயித்தோம். சேலத்தையேதான். குடோன் வழியாக நாலு முறை போனோம், நாலு முறையும் அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பிரகதீஷ் சுமார்தான், ஆனால் சத்தமில்லாமல் நடக்கிறான்.

"பாத்தியா அம்மிணி, ஒரு சத்தமில்ல" என்றார் லோகண்ணன். "ஒரு ஆள மாத்துனதுக்கே இப்படி. பாவம், நல்ல பையன். ஆனா விரல் நிக்க மாட்டேங்குது."

ஹரிணி பேக்கரியிலிருந்து தேங்காய் பன் கொண்டுவந்திருந்தாள். நான் பாதிதான் சாப்பிட்டேன். மீதியைப் பைக்குள் வைத்து மறந்துபோய், சாயங்காலம் எறும்பு மொய்த்தது.

செப்டம்பர் 18, புதன்

பத்து நாளாகப் பால்காரர் அளவைக் குறைக்கிறார் என்று அம்மா சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை பக்கத்து வீட்டுப் பூனை பாத்திரத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்" என்று தலையில் அடித்துக்கொண்டு, பால்காரர் சைக்கிள் அடுத்த தெருவுக்குத் திரும்புவதற்குள் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"தப்பாப் பேசிட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், முடிந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் சுலபம்.

செப்டம்பர் 19, வியாழன்

நான் வேலையில் இருந்தபோது சிபி வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். சென்டரில் நான் விட்டுவந்த டிபன் பாக்ஸைப் பூபதியிடமிருந்து வாங்கிக் கொண்டுவந்தானாம்.

அம்மா இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "நல்ல பையன். மாத்திர ஒத்துக்குதுங்களாம்மான்னு கேட்டான். எனக்கென்ன சாமி மாத்திர, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டான். ஏங்கண்ணு, கைய எதுக்கு ஒதறிட்டே இருக்கற?"

"மருதாணி வெச்சா காயறதுக்கு ஒதறுவோமே, அந்தப் பழக்கம்" என்றேன். நான் மருதாணி வைத்துப் பத்து வருடம் இருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று இடப்பக்கம் ஒதுங்க எஸ்-ஐத் தட்டிவிட்டு நின்றுவிட்டதாக நினைத்தேன். நிற்கவில்லை. சுவர் மறைவை விட்டு வெளியே போய், நட்ட நடுத் தெருவில் நின்று செத்தேன். எஸ் மேல் இருப்பது மோதிர விரல்.

புதுத் திட்டம்: இடப்பக்கம் போக நடுவிரல், வலப்பக்கம் போக ஆட்காட்டி, முன்னால் போக மவுஸின் வலது பட்டன். பின்னால் போக ஒன்றும் வேண்டாம், பின்வாங்குவது என் ஆட்டத்தில் கிடையாது. இரண்டு விரல் போதும். உலகத்தில் எத்தனையோ பேர் இரண்டே விரலில் டைப் அடித்து ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அலுவலகத்தில் டீ டம்ளர் கையிலிருந்து விழுந்தது. யாரோ இடித்த மாதிரி திரும்பிப் பார்த்தேன். பின்னால் பீரோதான் இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

செட்டிங் நோட்டில் பொய் எழுதினால் யாருக்கு நஷ்டம். இதை நான் ஒருத்திதான் படிக்கிறேன்.

எட்டாம் தேதி பார்த்த பதிவு தெளிவாகத்தான் இருந்தது. முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. சிபியின் காதால் கேட்டேன், என் காதால் கேட்டேன், கரூர்க்காரன் காதால் கேட்டேன். சிபி குடோன் முழுக்க ஒரே சீராக நடக்கிறான். நான்தான் நாலடி ஓடுகிறேன், நடக்கிறேன், மறுபடி இரண்டடி ஓடுகிறேன். அப்போதெல்லாம் என் விரல் ஏ மேல் அழுத்தி இருந்ததாக நான் சத்தியமே செய்திருப்பேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தது, வேறு மாதிரி தெரியுமா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததால்தான்.

முதல் தேதி நான் அவன் மேல் பழி போட்டது தெரியாமல் செய்தது. எட்டாம் தேதி சொல்லாமல் விட்டது தெரிந்து செய்தது. பதினாலாம் தேதி பட்டனை மாற்றியது அதைவிட மோசம். அவன் போன நாலாவது நாள் சத்தத்தை நிறுத்திக் கொடுத்து, அது அவன்தான் என்று நானே நிரூபித்துவிட்டேன்.

கீபோர்டில் தூசு எதுவும் இல்லை. சுண்டுவிரல் ஜூன் மாதத்திலிருந்தே மரத்துப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. கையை நினைத்துப் பயம், மேடையை நினைத்துப் பயம், அதோடு நான் இப்படிப்பட்டவளா என்றும் இருக்கிறது. நாளை மறுநாள் பெயர் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

பயிற்சிக்குப் போனேன். சொல்லவில்லை. பிரகதீஷுக்குக் குண்டு எறியச் சொல்லிக் கொடுத்தேன். வந்துவிட்டேன்.

சாயங்காலம் சிபிக்கு ஃபோன் செய்து, நாளைக் காலை சென்டருக்கு வா என்று மட்டும் சொன்னேன். எதுக்குங்க்கா என்றுகூடக் கேட்கவில்லை. சரிங்க்கா என்றான்.

செப்டம்பர் 28, சனி

ஐந்தரைக்கே போய்விட்டேன். என் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். ஈ, எஸ், டி, எஃப். மெதுநடை ஏ-யில்.

ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். லோகண்ணன் கையில் பெயர் எழுதிய தாள் இருந்தது. சிபி படிக்கு அருகிலேயே நின்றான், உட்காரவில்லை.

"லோகண்ணா, உங்க மெஷின்ல எதிரியா வந்து குடோன் சுவத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர்ல போடுங்க. சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது, அறைக் கதவச் சாத்திக்குங்க" என்றேன். அவர் மெஷின் கண்ணாடித் தடுப்பு போட்ட உள் அறையில் இருக்கிறது.

"என்ன அம்மிணி, காலங்காத்தால வித்த காட்டற?"

"கொஞ்சம் நில்லுங்ணா."

நாலு பேரும் உள்ளே போனார்கள். சிபியையும் போகச் சொன்னேன். என் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். திரையைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்தபடி, இடது கையை மட்டும் பின்னால் கீபோர்டில் வைத்தேன். எப்படி இருந்தாலும் ஏ எங்கே என்று விரலுக்குத் தெரியும். அழுத்தினேன். அழுத்திக்கொண்டு நடந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். என்னைப் பொறுத்தவரை சுண்டுவிரல் கல் மாதிரி ஏ மேல் இருந்தது. ஐந்து எண்ணும்போது பூபதி ஸ்பீக்கரைப் பார்த்தான். ஏழில் ஹரிணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிபி தரையைப் பார்த்தான். லோகண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"இப்பவும் அழுத்திட்டுத்தான் இருக்கேனுங்ணா" என்றேன்.

அவர் குனிந்து, என் சுண்டுவிரலை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அது பட்டனுக்குப் பக்கத்தில், மேசை மேல் கிடந்திருக்கிறது. அவர் தொட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

"சத்தம் சிபி இல்லீங்ணா. நான். எட்டாந் தேதியே எனக்குத் தெரியும்."

கீழே டயர் கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. லோகண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கைய டாக்டருகிட்ட காட்டுனியா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "அதுக்கு மொதல்ல உன்னயத் திட்டோணும்" என்றார். பேனாவை எடுத்து என் பெயரை அடித்து, மேலே சிபி என்று எழுதினார். அடிக்கும்போது பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சிபியிடம் தனியாகப் போனேன். "தப்புப் பண்ணிட்டேன் சிபி. தெரிஞ்சே பண்ணேன்."

"தெரியுங்க்கா."

"எப்ப இருந்து?"

"சத்தம் உங்களுதுன்னு மொதல் நாளே தெரியும், பக்கத்துல தான நடந்தேன். கைன்னு, அம்மா மாத்திர சாப்படலன்னு சொன்னப்பத்தான் தெரிஞ்சுது."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க்கா" என்றான்.

பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

அக்டோபர் 3, வியாழன்

டாக்டரிடம் போனேன். சிபிதான் டோக்கன் வாங்கி வைத்திருந்தான். முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி ஊன்றி வந்த வினை, பகலில் டைப்பிங், காலையில் ஆட்டம். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றியிருப்பதைக் காட்டினார். இடது கையையும் வலது கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் நாலு மாதமாகச் சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை.

"எப்ப இருந்தும்மா?"

ஆகஸ்ட் என்று நாக்கு நுனிவரை வந்தது. "ஜூன்" என்றேன்.

கையை மடக்காமல் இருக்கக் கட்டு. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஆபரேஷன். உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. திரும்பாது என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சென்டரில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். கீபோர்டுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் தகராறு வரும், ஸ்பேஸ் பார்தான் பெரியது என்று அதில் வைப்பார்கள். நான் வலது கையால் என் கீபோர்டில் ஏ மேல் வைத்தேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

பொரியும் கடலையும் தின்றோம். பிரகதீஷ் இனி என் இடத்தில் ஆடுவான். இந்த நோட்டைக் கேட்டான். செட்டிங் இருக்கும் பக்கத்தை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

கோச் என்று ஒருவர் மட்டும் ஆடுகிறவர்கள் பின்னால் மேடையில் நிற்கலாமாம். லோகண்ணன் பெயர்த் தாளில் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் சொன்னார்.

அக்டோபர் 20, ஞாயிறு

முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்று வெளியே வந்துவிட்டோம். பூபதி மவுஸ் மேட்டைக் குறை சொன்னான். திரும்பும் வழியில் அவிநாசியில் டீ குடித்தோம்.

முதல் ஆட்டத்தை எழுத வேண்டும். ஸ்கோர் சமம், கடைசிச் சுற்று. லோகண்ணன் குடோன் என்றார். மேடை நினைத்த மாதிரி இல்லை, விளக்கு கண்ணைக் கூசியது, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கோச் பேசக் கூடாது, தொடக் கூடாது. கையில் கட்டோடு சிபிக்கு நேர் பின்னால் நின்றேன்.

எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். நான் சிபியின் இடது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் மெதுநடைப் பட்டன் மேல் இருந்தது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது. குடோன் முழுக்க நடந்து, பின்வாசல் தாண்டும்வரை அது ஒரு தடவைகூட எழும்பவில்லை.